மூன்று மணிக்கு மஞ்சள் மூடி

நான் ஓரிடத்தில் உட்காராதவள். சிம்பாங் ரெங்கத்தில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அம்மா என்னைக் "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டவ" என்றுதான் சொல்வார். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் வாடகை வீடு, நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. உடம்பு உட்கார்ந்திருந்தாலும் மேசைக்கு அடியில் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை நிலநடுக்கமோ என்று தன் திரையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் எங்கள் தாமானை, எங்கள் குடியிருப்பைக் காட்டுவேன். வரிசை வீடுகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டியவை. ஆனால் ஒரு வீட்டின் முன்னறை தையல் கடை. அடுத்த வீட்டில் அதே அறை பூட்டிக் கிடக்கிறது, உள்ளே துருப்பிடித்த சைக்கிள்கள். எந்த அறை திறப்பு, எந்த அறை பூட்டு என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். நம் உடம்பின் உயிரணுக்களும் அப்படித்தான். டிஎன்ஏ ஒன்றுதான். அதன் மேல் மெத்தில் என்ற சின்ன இரசாயனக் குறிகள் எங்கே திரளாக உட்காருகின்றனவோ, அங்கே இருக்கும் மரபணு பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். மூளையில் மற்ற நரம்பணுக்களைத் தூண்டிவிடும் வகை உண்டு, அடக்கி வைக்கும் வகை உண்டு, அவற்றுக்குள்ளும் கிளைகள் உண்டு. வகைக்கு வகை குறிகள் விழும் இடம் வேறு. அந்தக் குறிகளில் ஒரு பங்கு பிறந்த பிறகுதான் வந்து சேருகிறது, குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசப் பழகும் காலத்தில்.

குறி இருந்தால் மட்டும் போதாது. அதைப் படித்து, "இங்கே சத்தம் போடாதே" என்று நடத்திவைக்க ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகிவிட்டால் பெண் குழந்தைகளுக்கு ஒரு நோய் வரும். முதலில் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருப்பார்கள். ஒரு வயதை ஒட்டிப் பேசிய சொற்கள் ஒவ்வொன்றாகப் போகும். கரண்டி பிடித்த கைக்குப் பிடிக்கத் தெரியாமல் போகும். பிறகு இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருக்கும், விழித்திருக்கும் நேரமெல்லாம். அதே பழுதுள்ள எலிகளின் மூளையைத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னோடு வேலை செய்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப்பிறந்தவர் இல்லை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வீடு உலு திராமில். எலி மூளையிலிருந்து நரம்பணுக்களைப் பிரித்து, டிஎன்ஏ எடுத்து, ஒரு கரைசலில் போட்டு இயந்திரத்தில் வைப்பது அவர் வேலை. குறி இருக்கும் டிஎன்ஏ எழுத்தை அந்தக் கரைசல் விட்டுவிடும், குறி இல்லாத எழுத்தை மாற்றிவிடும். அப்படித்தான் எது எதுவென்று தெரியும். வருகிற கணக்கைப் பிரித்துப் படமாக்குவது என் வேலை. நோயுள்ள எலியின் குப்பிகளுக்கு மஞ்சள் மூடி, நல்ல எலியின் குப்பிகளுக்கு வெள்ளை மூடி. அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தவரும் அக்காதான்.

அக்காவின் மகளுக்கு அந்த நோய். பன்னிரண்டு வயதுப் பெண். அக்காவை வேலைக்கு நான்தான் ஏற்றிப் போவேன். காலையில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தால், முன்னறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைத்தான் பார்ப்பாள். கைகள் தண்ணீரில்லாமல் துணி துவைத்துக்கொண்டிருக்கும். கண் மட்டும் என் முகத்தை விட்டு நகராது. அந்த வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர்கள் அவளும் நானும்தான். "வாடி, உன் கூட்டாளி வந்துட்டா" என்று அக்கா அவளிடம் என்னைக் காட்டுவார். மகளுக்கு என்ன வந்திருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளத்தான் அக்கா இந்த வேலைக்கே வந்தார். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒத்துவராத ஒரே விஷயம் ராகு காலம். திங்கட்கிழமை ஏழரைக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். அதற்காக என்னை ஏழே காலுக்கு வரச் சொல்வார். நானோ ராகுவையும் கேதுவையும் வாழைப்பழ விலைக்கும் மதிக்காதவள்.

"இங்க சூரியன் வரவே ஏழு மணி ஆவுது. உங்க காலண்டர் கணக்கு ஆறு மணிச் சூரியனுக்கு. ராகுவும் கப்பல் ஏறித்தான் வரணும், லேட்டாத்தான் வருவாரு" என்பேன்.

"பேசு பேசு. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பெல்ட்டப் போட்டு வண்டிய எடு" என்பார்.

ஆராய்ச்சியில் முதலில் தூண்டும் வகை நரம்பணுக்களைப் பார்த்தோம். அந்த வேலையை அக்கா சேருவதற்கு முன் இருந்த ஒருவர் செய்துவிட்டுப் போயிருந்தார். நோயுள்ள எலிக்கும் நல்ல எலிக்கும் குறிகளில் வித்தியாசமே இல்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. படிக்கிற புரதம்தானே இல்லை, குறிகள் இருக்கத்தானே செய்யும். பிறகு அடக்கும் வகை நரம்பணுக்கள் அக்காவின் கைக்கு வந்தன. கணக்கு வந்தது. படம் போட்டேன். மஞ்சள் மூடிக்கு மஞ்சள் புள்ளிகள் ஒரு பக்கம், வெள்ளை மூடிக்கு நான் வைத்த நீலப் புள்ளிகள் ஒரு பக்கம். நோயுள்ள எலிகளில் குறிகள் குறைந்திருந்தன, அதுவும் இந்த ஒரு வகை நரம்பணுவில் மட்டும்.

எங்கள் பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குறியே குறைகிறது என்றால், அதை ஈடுகட்ட வழி தேடலாம். அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கும் கூட்டத்தில் இதைத்தான் முதலில் காட்டப் போவதாகச் சொன்னார். அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"குறைஞ்சத திருப்பி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எலிக்கு முயற்சி பண்ணலாம்க்கா. மனுஷனுக்கு இன்னும் எத்தனையோ இருக்கு."

"எலிக்கு முடிஞ்சா போதும்லா. மொதல்ல எலிக்கு முடியட்டும்."

என் திரையைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் காரில் அவர் கைபேசி மினுங்கியபோது பார்த்தேன். முருகன் படம் இருந்த இடத்தில் என் புள்ளிகள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

நல்ல செய்தி வந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும், எனக்கு அரிப்பு வரும். படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எலியின் வயதை வைத்து நிறம் மாற்றினேன், எடையை வைத்து மாற்றினேன், எந்தக் கூண்டு என்று மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை. அப்போதும் நெஞ்சு ஆறவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தேன்.

ஒவ்வொரு குப்பியிலும் குறியே இல்லாத ஒரு வெளி டிஎன்ஏ-வைச் சொட்டளவு கலப்பது வழக்கம். அதில் குறி இருப்பதுபோல் தெரிந்தால், கரைசல் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பொருள். எல்லாக் குப்பிகளின் சராசரியைப் பார்த்தபோது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்று குப்பி குப்பியாகப் பிரித்தேன். மஞ்சள் மூடிகள் சுத்தம். வெள்ளை மூடிகளில்தான், இல்லாத குறி இருப்பதாகத் தெரிந்தது. அதாவது நோயுள்ள எலிகளில் குறி குறையவே இல்லை. நல்ல எலிகளில் கூடுதலாகத் தெரிந்ததெல்லாம் கரைசல் கோளாறு.

வெள்ளைக்கு மட்டும் ஏன் கோளாறு? கரைசலை அக்கா காலையில் ஒரே தடவையாகக் கலந்து இருட்டில் வைத்துக்கொள்வார். நேரம் போகப் போக அதன் வீரியம் குறையும். குப்பிகளை இயந்திரத்தில் வைத்த நேரத்தை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் எல்லாம் காலையில். வெள்ளை எல்லாம் செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரைக்குள், வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள். ஏன் இந்த விசித்திரமான நேரம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். செவ்வாய், மூன்று, நாலரை. வியாழன், ஒன்றரை, மூன்று. சொல்லி முடிக்கும் முன்பே தலையில் அடித்துக்கொண்டேன். ராகு காலம். உலகத்தில் எந்த ஊர் விஞ்ஞானியைக் கூப்பிட்டு வந்து உட்கார வைத்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். தமிழ் காலண்டர் மாட்டிய வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் இது தெரியும்.

முதலில் வந்தது கோபம்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கைபேசிப் படம் ஞாபகம் வந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். என் பூனை தினமும் என் காரிலேயே பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது.

அன்று மாலை நெடுஞ்சாலையில் ஜேம். முன்னால் லோரி, பின்னால் லோரி, எங்கேயும் நகர முடியாது. சொல்வதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. எனக்கோ அடக்கி வைக்கத் தெரியாது.

"அக்கா, வெள்ளை மூடியெல்லாம் ஏன் செவ்வாக்கெழம மூணு மணிக்குப் போடுறீங்க?"

"மிஷின் சும்மா இருக்கக் கூடாதுன்னு பாஸ் சொன்னாருல்ல."

"சரி. மஞ்ச மூடி ஒன்னுகூட அந்த நேரத்துல போடலயே, அது ஏன்?"

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டிருந்தன.

"அதுங்க நோவுல இருக்கிறதுங்கலா. ராகு காலத்துல போடுறதுக்கு எப்படி மனசு வரும்? மத்தது நல்லா இருக்கிற எலி. அதுக்கு என்ன ஆயிடப் போவுது?"

கத்தினேன். காரே அதிரும்படி கத்தினேன். காலையில் கலந்த கரைசல் மத்தியானத்துக்குச் செத்துவிடுகிறது, நல்ல எலிக்கெல்லாம் செத்த கரைசல், நோயுள்ள எலிக்கெல்லாம் உயிருள்ள கரைசல், வித்தியாசம் எலியில் இல்லை, உங்கள் காலண்டரில் இருக்கிறது. இதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். கொட்டி முடித்தபோது லோரி ஒரு கார் நீளம் நகர்ந்திருந்தது. நானும் நகர்த்தினேன்.

"அப்ப அந்தப் படம்?"

"பொய்க்கா."

"கொஞ்சம்கூட நெசம் இல்லையா?"

"திருப்பிச் செஞ்சாத்தான் தெரியும். எனக்கு நம்பிக்கை இல்ல."

அழுவார் என்று நினைத்தேன். மடியில் இருந்த கைபேசியை முந்தானையால் துடைத்தார். தூசி எதுவும் இல்லை, வெறுமனே துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பாஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கு நானும் வரேன். நானே சொல்றேன். நீ கத்தாம இருந்தா போதும்."

மறுநாள் அக்காவே சொன்னார், ராகு காலம் என்றால் என்ன என்பது வரைக்கும். எங்கள் பாஸ் சீனர். "அலமாக்" என்று அங்கலாய்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். அவர் என்னைப் பார்த்து, பேய்கள் உலவும் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில் வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூடத் தன் அம்மா விடமாட்டார் என்றார். பிறகு அக்காவிடம், எல்லாவற்றையும் திருப்பிச் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் கரைசலைப் புதிதாகக் கலக்குங்கள், வரிசையைக் கணினி குலுக்கிப் போடட்டும் என்றார். கோலாலம்பூர் கூட்டத்தில் காட்ட இருந்ததிலிருந்து என் படத்தை என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார்.

குலுக்கினேன். கணினிக்கு மனசு கிடையாது. முதல் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து விழுந்தவை எல்லாமே மஞ்சள் மூடிகள்.

"இன்னொரு தடவ குலுக்கிப் பாக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டார்.

"கூடாது."

"ஒரே ஒரு தடவ."

"பிடிச்ச மாதிரி விழுற வரைக்கும் குலுக்கினா அதுக்குப் பேரு குலுக்கல் இல்லக்கா."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு வேலை ஓடவில்லை. எதையோ தேடுகிற மாதிரி கீழே ஆய்வு அறைக்குப் போனேன். அக்கா இயந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தார். கரைசல் புதிதாகக் கலந்தாகிவிட்டது, குப்பிகள் மஞ்சள் மூடியோடு தட்டில் வரிசையாக நின்றன. சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டிவிட்டது. அவர் கை தட்டைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது. எனக்கு வந்த எரிச்சலில், அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

"நான் போடவாக்கா?" என்றேன்.

"வேணாம்."

 பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"என் புள்ள தானா பொறக்கலம்மா. ஆப்ரேஷன்தான்னு ஆனதும், அவ அப்பா ஜோசியர்கிட்ட ஓடி நேரம் குறிச்சிட்டு வந்தாரு. டாக்டர்கிட்ட கெஞ்சி, அந்த நேரத்துக்குத்தான் என் வயித்த அறுத்து எடுத்தாங்க. நட்சத்திரம், லக்கினம், எல்லாம் பாத்து. ஜாதகத்தப் பாத்தவங்க எல்லாம் ராணி மாதிரி இருப்பான்னாங்க." தட்டை எடுத்தார். "அதைவிட நல்ல நேரம் எங்கலா இருக்கு?"

குப்பிகளை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினார். பொத்தானை அவரே அழுத்தினார். இயந்திரம் ஓடத் தொடங்கிற்று.  காலித் தட்டை நான் எடுத்துக் கழுவி வைத்தேன்.

எல்லாம் முடிந்து புதுக் கணக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவரை நான் நகத்தைக் கடித்தேன், மற்றவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். அக்கா மட்டும் வழக்கம்போல வந்தார், போனார். கைபேசியில் பழைய படம் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு வந்தது. முதலில் வெளி டிஎன்ஏ-வைப் பார்த்தேன், எல்லாக் குப்பியிலும் சுத்தம். பிறகு படம் போட்டேன். மஞ்சளும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "ராகு காலத்துல போட்டதாலதான் இப்படி ஆச்சு" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை.

"அப்ப நோவு வந்த எலிக்கும் குறியெல்லாம் இருக்கா?"

"இருக்குக்கா."

"இருக்க வேண்டிய எடத்துலயேவா?"

"அதே எடத்துலதான். நல்ல எலிக்கு இருக்கிற மாதிரியே."

"ஒன்னும் அழியலையே?"

"அழியல. படிக்கிற புரதம்தான் இல்ல." பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. "இது எலிதான்க்கா. இத வச்சு அவ பேசுவான்னெல்லாம் சொல்ல முடியாது."

"தெரியும்லா. நான் அதைக் கேக்கல."

கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல ஏழே காலுக்கு உலு திராமில் ஹார்ன் அடித்தேன். அக்கா வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். அவள் கைகள் பிசைந்துகொண்டே இருந்தன, கண் என் மேல். நான்தான் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஏழரை தாண்டிற்று. இரண்டு சடைக்கும் ரிப்பன் கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, சாய்ந்துபோன தலையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்தார். காரில் ஏறி பெல்ட் போட்டார்.

"ராகு காலம்க்கா" என்றேன்.

"ஓட்டு."

தாமானை விட்டு வெளியே வந்ததுமே ஜேம். நடுவில் வைத்திருந்த அவர் கைபேசி மினுங்கியது. பழைய படத்தைக் காணோம். அந்த இடத்தில் புதிய படம், மஞ்சளும் நீலமுமாய் ஒரே குவியல். விஞ்ஞானத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஒன்றும் இல்லை என்று சொல்கிற படம் அது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இத ஏன்க்கா வச்சிருக்கீங்க? இதுல ஒன்னும் இல்லையே."

"எல்லாம் இருக்குன்னு நீதான சொன்ன?"

"இருக்கு. படிக்கத்தான் ஆள் இல்ல."

"ஆள் எப்பவாச்சும் வரட்டும்" என்றார் அக்கா, முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தபடி. "வரும்போது படிக்கிறதுக்கு எதாச்சும் இருக்கணும்லா."